கீமோ நாட்களில் வாந்தி மாத்திரை: மலையகத்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மகரகமவிலோ கண்டியிலோ பதுளையிலோ புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பும் ஒருவரை வாந்தி அதிகம் வருத்துவது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அல்ல. வீட்டுக்கு வந்த இரண்டாம், மூன்றாம் நாளில்தான். அப்போது பக்கத்தில் டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை. கையில் இருப்பது மூன்று நான்கு வகை மாத்திரை போட்ட உறைகளும், அவற்றின் மேல் அவசரமாக எழுதிய ஒரு வரியும்தான். அந்த நாட்களை நல்லபடியாகக் கடக்க வேண்டுமென்றால், அதற்கான வேலையை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

என் அம்மாவுக்குக் கீமோ நடந்த காலம் முழுவதும் மாத்திரைகளைப் பார்த்துக்கொண்டது நான்தான். பிறகு எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சில வீடுகளுக்கும் போய் உறைகளைப் பிரித்து நேரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கீழே வரும் அளவுகள் வளர்ந்தவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படுபவை. உங்கள் கிளினிக் கொப்பியில் வேறு அளவு இருந்தால், டொக்டர் எழுதியதையே பின்பற்றுங்கள். ஏன் என்று கேட்கலாம், நீங்களாக மாற்றக் கூடாது.

முதலில், ஏன் இத்தனை மாத்திரை?

கீமோ மருந்து உடம்புக்குள் போனதும், குடலின் உட்சுவரில் உள்ள சில செல்கள் செரட்டோனின் என்ற பொருளை வெளியே விடுகின்றன. அது நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகிறது, வாந்தி வருகிறது. முதல் 24 மணி நேரத்து வாந்திக்கு இதுதான் முக்கிய காரணம். ஒன்டன்செட்ரோன் என்ற வாந்தி மாத்திரை தடுப்பது இந்த வழியை.

அதற்குப் பிறகு ஐந்து நாள் வரைக்கும் வரக்கூடிய வாந்தி வேறு மாதிரி. அதில் மூளைக்குள் வேலை செய்யும் சப்ஸ்டன்ஸ் பி என்ற இன்னொரு பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஒன்டன்செட்ரோன் மட்டும் போதாது. அதனால்தான் டெக்சாமெத்தசோன், அப்ரெபிடன்ட், ஒலன்சபின் போன்ற மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சிஸ்பிளாட்டின் ஏற்றியவர்களுக்கு இந்தப் பிந்திய வாந்தி இரண்டு மூன்று நாள் கழித்து உச்சத்துக்கு வரும். ஏற்றிய அன்று நன்றாக இருந்தவர் மூன்றாம் நாள் சுருண்டு படுப்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது வகையும் உண்டு. அடுத்த தடவை ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதுமே, மருந்து ஏற்றும் வார்ட்டின் வாசனை பட்டதுமே சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். முன்பு பட்ட அவதியை மூளை பிடித்து வைத்திருக்கிறது. இது ஒருமுறை ஒட்டிக்கொண்டால் மாத்திரைக்கு லேசில் அடங்காது. முதல் தடவையிலேயே வாந்தி வராமல் பார்த்துக்கொள்வதுதான் இதற்கு நல்ல வைத்தியம்.

ஆகவே, "இப்போ கொமட்டலே இல்லையே, எதுக்கு மாத்திரை?" என்று நேரம் குறித்துக் கொடுத்த மாத்திரையை விட்டுவிடாதீர்கள். வாந்தியைத் தொடங்க விடாமல் தடுப்பது சுலபம், தொடங்கிய பிறகு நிறுத்துவது கஷ்டம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

படி 1: மருந்து ஏற்றுவதற்கு முன் டொக்டரிடம் சொல்ல வேண்டியவை

வீட்டில் பாவிக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் ஞாபகமில்லை என்றால் பரவாயில்லை, அட்டையைக் காட்டினால் போதும். சீனி வருத்தம், இருதய வருத்தம், வலிப்பு, பார்க்கின்சன், கண் அழுத்தம், ஈரல் வருத்தம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு ஃப்ளூஒக்செட்டின், சேர்ட்ரலின் போன்ற மாத்திரை எடுப்பவரும், வலிக்கு டிரமடோல் எடுப்பவரும் சொல்ல வேண்டும். அவை ஒன்டன்செட்ரோனுடன் சேரும்போது சிலருக்கு நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரக்கூடும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவரும், கருத்தடை மாத்திரை எடுப்பவரும் அப்ரெபிடன்ட் தொடங்குவதற்கு முன் சொல்ல வேண்டும். காரணம் கீழே வருகிறது.

கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், கூச்சப்படாமல் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்காமலே சொல்ல வேண்டிய இன்னும் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, பிள்ளை வயிற்றில் இருந்தபோது அதிகம் வாந்தி எடுத்தீர்களா? இன்னொன்று, பஸ்ஸில் போனால் வாந்தி வருமா? இந்த இரண்டும் உள்ளவர்களுக்குக் கீமோவிலும் வாந்தி கூடுதலாக வர வாய்ப்புண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கும், வயதானவர்களைவிட இளையவர்களுக்கும் அப்படித்தான். முன்கூட்டியே தெரிந்தால் டொக்டர் முதல் தடவையிலேயே பலமான மருந்து எழுதலாம்.

நாட்டு மருந்து, கஷாயம், யாரோ அனுப்பிய மூலிகைப் பொடி எதுவானாலும் அதையும் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பவர்கள் நிறைய. திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். சில மூலிகைகள் ஈரலைப் பாதித்து, கீமோ மருந்து உடம்பில் தங்கும் அளவையே மாற்றிவிடும்.

படி 2: உறையில் எழுதியிருப்பதை விளங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்

நம் ஆட்களில் பலருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. உறையிலோ பெரும்பாலும் சிங்களம், அல்லது ஆங்கிலச் சுருக்கம். பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு தடவை. டி.டி.எஸ். என்றால் மூன்று தடவை. மானே என்றால் காலை, நொக்டே என்றால் இரவு. எஸ்.ஓ.எஸ். என்றோ பி.ஆர்.என். என்றோ இருந்தால் தேவைப்பட்டால் மட்டும். மிஸ் வாயால் சொல்லும்போது "கேமட்ட கலின்" என்றால் சாப்பாட்டுக்கு முன், "கேமட்ட பஸ்ஸே" என்றால் சாப்பிட்ட பின்.

பார்மசி ஜன்னலில் பின்னால் வரிசை நீளமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு உறையையும் கையில் எடுத்து, "மிஸ், இது எதுக்கு? இன்னைக்கு ராவைக்கே போடணுமா, நாளைக்குக் காலையில இருந்தா? எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். "தேவைப்பட்டால் மட்டும்" என்று கொடுத்த மாத்திரைக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: "ஒரு நாளைக்கு ஆகக் கூடினது எத்தனை போடலாம்?" பதிலை அங்கேயே உறையின் மேல் தமிழில் எழுதிவிடுங்கள். எழுத முடியாதவர்கள் பக்கத்தில் நிற்கும் பிள்ளை யாரிடமாவது கொடுத்து எழுதிக்கொள்ளலாம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. அதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்து வெளியில் வாங்கச் சொன்னால், அரச மருந்துக்கடையான ஒசுசலவிலோ வேறு பார்மசியிலோ வாங்கும்போது அட்டையின் மேல் பெரிதாக உள்ள கம்பனிப் பெயரைப் பார்க்காதீர்கள், சிறிதாக உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். சோஃப்ரான், எமிசெட் இரண்டும் ஒன்டன்செட்ரோன்தான். ஆஸ்பத்திரி உறையில் ஒன்டன்செட்ரோன், வெளியில் வாங்கிய அட்டையில் எமிசெட் என்று இருக்க, இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்குவது எளிதாக நடந்துவிடும். மருந்துக்கடைக்காரரிடம் பழைய உறையையும் காட்டி, "இதுவும் அதுவும் ஒண்ணா?" என்று கேட்டுவிடுங்கள்.

படி 3: கையில் இருப்பது எந்த மருந்து?

*ஒன்டன்செட்ரோன்.* வழக்கமாக 8 மில்லிகிராம், கீமோ தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஒன்று, பிறகு 12 மணி நேரத்துக்கு ஒன்று. தூக்கம் அவ்வளவாக வராது. வருவது மலச்சிக்கலும் தலைவலியும். மலச்சிக்கலைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். மூன்று நாள் வெளியே போகாவிட்டால் அதுவே குமட்டலைக் கூட்டும், குமட்டுகிறதே என்று இன்னும் ஒன்று போட மலம் இன்னும் இறுகும். முதல் நாளிலேயே தண்ணீரும் பப்பாசியும் கூட்டிக்கொள்ளுங்கள். மலம் இளக்கும் மருந்து வேண்டுமா என்று கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். வீட்டில் பேதி மருந்து கொடுக்காதீர்கள்.

இந்த மருந்து அளவு மீறினால் இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். 2012ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒரே தடவையில் 32 மில்லிகிராம் ஊசியாக ஏற்றும் முறையை இதனால்தான் நிறுத்தச் செய்தது. வாந்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து பொட்டாசியம், மக்னீசியம் குறைந்திருக்கும் உடம்பில் இந்த ஆபத்து கூடுதல். ஆக, "கேட்கலையே, இன்னொண்ணு போடுவோம்" என்ற எண்ணம் வரும் நேரம்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நேரம். ஈரல் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு நாள் முழுவதற்கும் 8 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.

நாக்கில் கரையும் வகை என்றால், உலர்ந்த கையால் மேல்தாளை உரித்து எடுங்கள். மற்ற மாத்திரை போலப் பின்னாலிருந்து அழுத்தினால் நொறுங்கிவிடும்.

தலைவலி வந்தால் பனடோல் போடலாம்தானே என்று கேட்பார்கள். போடுவதற்கு முன் வெப்பமானியால் காய்ச்சல் பாருங்கள். கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் என்பது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். பனடோல் அந்தக் காய்ச்சலை மறைத்துவிடும். கீமோ எடுப்பவர் வீட்டில் வெப்பமானி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

*டெக்சாமெத்தசோன்.* இது ஸ்டீரொய்ட். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போடுங்கள். இரண்டு வேளை என்றால் இரண்டாவதைப் பகல் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள், மாலையில் போட்டால் ராத்திரி முழுவதும் கொட்டக் கொட்ட விழித்திருக்க நேரிடும். முகம் சிவப்பது, விக்கல், பசி கூடுவது எல்லாம் வரலாம், முடிந்ததும் போய்விடும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இரத்தத்தில் சீனி வேகமாக ஏறும். அந்த நாட்களில் சீனி பார்க்க வழி செய்துகொள்ளுங்கள். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், மயக்கம் என்றால் தாமதிக்க வேண்டாம். பனடோல் போலவே இதுவும் காய்ச்சலை மறைக்கும். ஆகவே காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஆள் சோர்ந்து நடுங்கினால் நம்பாதீர்கள்.

*டொம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைட்.* மோட்டிலியம் என்று கடையில் கேட்டு வாங்குவது டொம்பெரிடோன்தான். 10 மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன், நாளுக்கு மூன்றுக்கு மேல் இல்லை, ஒரு வாரத்துக்கு மேல் டொக்டர் சொல்லாமல் தொடரக் கூடாது. இருதய வருத்தம் உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கவே கூடாது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகளோடும், பூஞ்சணத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளோடும் சேராது.

மெட்டோகுளோப்ரமைட்டும் 10 மில்லிகிராம்தான், நாளுக்கு மூன்று. ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2013ல் இதை ஐந்து நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. காரணம் நரம்பைப் பாதிக்கும் ஒரு பக்கவிளைவு. கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே சொருகும், தாடை இறுகும், நாக்கு வெளியே தள்ளும். பிள்ளைகளுக்கும் இளம் பெண்களுக்கும் இது அதிகம் வரும். முதல்முறை பார்ப்பவர்கள் வலிப்பு என்றோ, காற்றுக் கருப்பு என்றோ பயந்துபோவார்கள். மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தைப் போக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஒருமுறை அப்படி வந்தவர் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே அதை எழுதி வைக்க வேண்டும்.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். வயிறு உப்பி, காற்றும் மலமும் போகாமல் இருக்கும்போது இரண்டுமே ஆபத்து. குடல் அடைபட்டிருக்கலாம்.

*ஒலன்சபின்.* இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் தேடிப் பார்த்து, "இது மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை" என்று சொல்லிவிட, நோயாளி மனம் உடைந்து அதை நிறுத்திவிடுவதுண்டு. ஆமாம், அந்த நோய்க்கும் கொடுப்பார்கள். ஆனால் மூளையில் வாந்தியைத் தூண்டும் பல வழிகளை இது ஒரே நேரத்தில் தடுக்கிறது. கடுமையான கீமோவுக்கு இதைச் சேர்ப்பது இன்று உலகம் முழுவதும் உள்ள வழக்கம். குமட்டலைக் குறைப்பதில் இதற்கு ஈடானவை குறைவு. 5 அல்லது 10 மில்லிகிராம், ஒரு சில நாட்களுக்கு மட்டும். உங்களுக்கு மனநோய் என்று யாரும் எழுதித் தரவில்லை.

இதன் குறை தூக்கம். படுக்கப் போகும்போது போடுங்கள். எங்கள் பக்கம் கழிவறை வெளியில், மழையில் வழுக்கும் கல்படி தாண்டிப் போக வேண்டும். இந்த மாத்திரை போட்டவர் இரவில் சட்டென்று எழுந்து தனியாக இறங்கினால் தலை சுற்றி விழுந்துவிடுவார். கட்டில் பக்கத்தில் ஒரு வாளி வையுங்கள், அல்லது யாராவது கூடப் போங்கள். சாராயம், கசிப்பு எதுவும் இதோடு கூடவே கூடாது. மெட்டோகுளோப்ரமைட்டையும், தலைசுற்றுக்குக் கொடுக்கும் ஸ்டெமெட்டிலையும் டொக்டரைக் கேட்காமல் இதோடு சேர்க்காதீர்கள்.

*அப்ரெபிடன்ட்.* முதல் நாள் 125, அடுத்த இரண்டு நாள் 80 மில்லிகிராம் என்று மூன்று கெப்சூல். விலை கூடியது, எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இது கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், முடிந்து 28 நாள் வரைக்கும் வேறு பாதுகாப்பு வேண்டும். வார்ஃபரின் எடுப்பவர்கள் இரத்தப் பரிசோதனைத் திகதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியைக் கண்டாலே வாந்தி வருபவர்களுக்கு லொராசெபாம் சிறிய அளவில் கொடுப்பதுண்டு. இதுவும் தூக்க மருந்து.

படி 4: நேரத்தை எழுதி ஒட்டுங்கள்

ஒரு தாளில் கோடு போட்டு, காலை, பகல், மாலை, இரவு என்று எழுதி, ஐந்து நாளுக்கும் மாத்திரைப் பெயரை நிரப்புங்கள். போட்டதும் ஒரு சரி அடையாளம். அதைச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் எல்லாரும் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, போய்விட்டால், நோயாளியோடு இருப்பது பாட்டியாகவோ பள்ளி விட்டு வரும் பிள்ளையாகவோ இருக்கும். யார் இருந்தாலும் பார்த்தவுடன் விளங்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவர் இருக்கும் வீடென்றால், காலி உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து வையுங்கள்.

மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு வேளையைச் சேர்த்துப் போடக் கூடாது. மாத்திரை விழுங்கி அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்து, மாத்திரை வெளியே வந்துவிட்டால் வாந்தி மாத்திரையை ஒருமுறை திரும்பப் போடச் சொல்வது வழக்கம். உங்கள் கிளினிக்கில் என்ன சொல்கிறார்கள் என்று முதலே கேட்டு எழுதி வையுங்கள். ஆனால் கேப்சைட்டபின் போல வாயால் எடுக்கும் கீமோ மாத்திரை வாந்தியில் போய்விட்டால், அதைத் திரும்பப் போடவே கூடாது. எவ்வளவு உடம்பில் இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. கிளினிக்குக்குப் போன் எடுத்துக் கேளுங்கள்.

படி 5: வளைவு ரோட்டில் வீடு திரும்புதல்

கினிகத்தேனை இறக்கம், ரம்பொட வளைவுகள் எல்லாம் சாதாரண ஆளுக்கே வயிற்றைப் பிரட்டும். கீமோ ஏற்றிக்கொண்டு வருபவரின் பாடு எப்படி இருக்கும்!

பஸ் வாந்திக்கு ஒன்டன்செட்ரோன் அவ்வளவாக வேலை செய்யாது, அந்த வாந்தி காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பிலிருந்து வருகிறது. அதற்கென்று கடையில் விற்கும் மாத்திரைகள் பெரும்பாலும் தூக்கம் தருபவை. ஒலன்சபினோ லொராசெபாமோ கொடுத்திருந்தால், இதையும் மேலே போடும்போது ஆள் எழுப்ப முடியாத அளவுக்கு மயங்கிவிடலாம். டொக்டரிடம், "நான் ஹட்டன் வரைக்கும் பஸ்ஸில் போகணும், பஸ் வாந்தி வரும், எதைப் போடட்டும்?" என்று நேராகக் கேளுங்கள்.

முடிந்தால் ரயிலில் வாருங்கள், வளைவு இருந்தாலும் திடீர்த் திருப்பமும் பிரேக்கும் இல்லை. பஸ் என்றால் முன் ஆசனம், பார்வை தூரத்து மலையில், போன் பார்ப்பது வேண்டாம். கிளம்புவதற்கு முன் இரண்டு பிஸ்கட் மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டச் சாப்பிடுவதும் ஆகாது. மாத்திரைகள் கைப்பையில், பெட்டிக்குள் அல்ல. கூட வருபவரிடம் தடித்த பொலித்தீன் பைகள் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடினால் அடுத்த கிளினிக்குக்குப் போகவோ மருந்து வாங்கவோ முடியாமல் போகும். ஆகவே சில நாட்களுக்குக் கூடுதலாக மாத்திரை தர முடியுமா என்று கேட்டு வாங்கி வையுங்கள்.

படி 6: வீட்டில்

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. அரிசிக் கஞ்சி, ரொட்டி, கிரீம் கிரேக்கர், ஆறிய சோறு. சூடான சாப்பாட்டின் ஆவியும் தாளிக்கும் மணமும் குமட்டலைக் கிளப்பும். லயத்துக் குசினியில் விறகுப் புகை அறைக்குள்ளேயே சுற்றுமென்றால், சமையல் நேரத்தில் நோயாளியை வெளி வாசலில் உட்கார வையுங்கள். மிகவும் பிடித்த சாப்பாட்டை இந்த நாட்களில் கட்டாயப்படுத்திக் கொடுக்காதீர்கள், பிறகு வாழ்நாளுக்கும் அது வெறுத்துப் போகலாம்.

இஞ்சி போட்ட பிளேன்டீ, கொத்தமல்லித் தண்ணீர் நல்லது, குடியுங்கள். அவை மாத்திரைக்குத் துணைதான், மாற்று அல்ல. இஞ்சிச் சாற்றையோ பொடியையோ அளவில்லாமல் எடுக்க வேண்டாம், இரத்தத்தட்டுக்கள் குறைந்தவர்களுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் இரத்தக்கசிவு வரலாம்.

பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியே கொடுங்கள். வாந்தி இருந்தால் ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசல் தூள் ஒரு பக்கட்டை ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் முழுவதும் கரைத்து, சின்னச் சின்ன மிடறாகக் கொடுங்கள். அரைப் பக்கட், கால் பக்கட் என்று கரைக்கக் கூடாது. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

கீமோ ஏற்றிய பிறகு இரண்டு நாளைக்கு வாந்தியிலும் சிறுநீரிலும் மருந்து கலந்திருக்கும். துப்புரவு செய்பவர் கையுறை போட வேண்டும், இல்லாவிட்டால் பொலித்தீன் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

மாத்திரைகளை அட்டையிலேயே வைத்து மூடி இறுக்கமான டின்னில் போடுங்கள். எங்கள் குளிரில் கூரை ஒழுகும் சுவரோரமும், அடுப்புக்கு மேல் தட்டும் இரண்டுமே மாத்திரையைக் கெடுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடமாக இருக்கட்டும். மீந்ததை வாந்தி என்று வரும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள், அதுவும் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். பிள்ளைகளுக்கு நிறை பார்த்துத்தான் அளவு.

படி 7: எப்போது காத்திருக்கக் கூடாது

கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்கக் கூடாத நிலைகள் இவை:

- 38 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல், அல்லது காய்ச்சல் இல்லாமலே நடுக்கம்
- குடிக்கும் தண்ணீரும் தங்காமல் ஒரு நாள் முழுக்க வாந்தி
- அரை நாளாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது கடும் மஞ்சளாகச் சொட்டுகிறது
- வாந்தியில் இரத்தம், அல்லது கோப்பித் தூள் மாதிரி கறுப்பு
- நெஞ்சு படபடத்து மயங்கி விழுதல்
- கழுத்துத் திருகல், பேச்சுக் குழறல், ஆள் தெரியாத குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம்
- வயிறு உப்பி வலிக்க, மலமும் காற்றும் போகாமல் வாந்தி

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், பக்கத்துப் பிரதான பாதை, கோயிலோ ஸ்டோரோ ஏதாவது அடையாளம் சேர்த்துச் சொல்லுங்கள். உள் ரோட்டில் வண்டி ஏற முடியாதென்றால் த்ரீவீலிலோ தோட்டத்து லொறியிலோ பிரதான பாதை வரைக்கும் இறக்கி வையுங்கள். மகரகமவுக்கே போக வேண்டும் என்று நினைக்க வேண்டாம். டிக்கோயா, நுவரெலியா, பதுளை என்று எது கிட்டவோ அங்கே போங்கள். உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வசனம்: "கீமோ எடுக்கிற ஆள், கடைசியா ஏத்தினது இந்தத் திகதி." கிளினிக் கொப்பியும் மாத்திரை உறைகளும் கையில் இருக்கட்டும்.

படி 8: அடுத்த கிளினிக்கில்

பலர், "எப்படி இருந்தீங்க?" என்று டொக்டர் கேட்டால், "பரவாயில்லைங்க சேர்" என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். கீமோ என்றால் வாந்தி வரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பு. அப்படிப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. சுவரில் ஒட்டிய தாளையே கழற்றிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த நாள், எத்தனை தடவை வாந்தி, வாந்தி வராமல் குமட்டல் மட்டும் இருந்ததா, என்ன சாப்பிட முடிந்தது, எந்த மாத்திரைக்குப் பிறகு தலை சுற்றியது, எத்தனை நாள் மலம் போகவில்லை. முதல் நாள் வாந்தி என்றால் ஒரு மாதிரி மாற்றுவார்கள், மூன்றாம் நாள் வாந்தி என்றால் வேறு மாதிரி. அதனால் நாளைச் சரியாகச் சொல்வது முக்கியம். ஒலன்சபின் எழுதியிராவிட்டால், அதைச் சேர்க்க முடியுமா என்று நீங்களே கேட்கலாம். எழுதியிருந்து பகலெல்லாம் தூக்கமாக இருந்தால், 10க்குப் பதில் 5 மில்லிகிராம் போதுமா என்று கேளுங்கள்.